கடல் தாண்டி வந்த ஜாடிக்கல்

துல்பஹாக்கன் பள்ளத்தாக்கில் கல்லுக்குப் பஞ்சம் என்று எவனாவது சொன்னால், அவன் இங்கே ஒரு நாள்கூட ஏர் பிடித்ததில்லை என்று அர்த்தம். கலப்பை நாலடி போனால் ‘டங்’ என்கிறது. வசந்தம் வந்தால் வண்டி வண்டியாகக் கல் பொறுக்குகிறோம். அடுத்த வசந்தத்தில் அதே வயலில் அதே அளவு கல் இளித்துக்கொண்டு கிடக்கிறது. இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் என் பெரியப்பா ஃபெல்டன் ரவுஷ்கோல்ப், ரைன் நதிக்கரையிலிருந்து பதினோரு வாரம் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு ஒரு கல்லைச் சுமந்து வந்தார்.

ரத்தினமோ மரகதமோ என்று நினைத்துவிடாதீர்கள். முட்டைக்கோஸை அரிந்து உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வைப்போமே, அது புளிக்கிறவரை மேலே எழும்பாமல் இருக்க ஒரு கல் வைப்போமே, அந்தக் கல். ஜாடிக்கல். ரொட்டி அளவு, கருஞ்சாம்பல் நிறம், கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம். சிப்பாய்கள் ஊரில் வீட்டை எரித்துவிட்டுப் போனபிறகு சாம்பலில் முழுசாகக் கிடைத்தது அது ஒன்றுதானாம். நியாயம்தான், கல் எங்கே எரியும்? அதைப் பெரியப்பா ஒரு அதிசயம்போலச் சொல்வார்.

கப்பலில் என் அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. பிலடெல்பியாவில் இறங்கும்போது பெரியப்பாவின் ஒரு கையில் நான், இன்னொரு கையில் கல். இரண்டில் எது கனம் என்று எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக வாதம் நடக்கிறது. “கல்லு அழல,” என்பார் பெரியப்பா. அதோடு வாதம் முடிந்துவிடும்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். ஆங்கிலேயர் வீட்டில் சுவரோரம் எரியும் திறந்த அடுப்பைப் பார்த்தால், “முன்னாடி வேகுது, முதுகு விறைக்குது, இதுல பெருமை வேற,” என்று அவர்கள் வாசலிலேயே நின்று சொல்வார். நல்லவேளை, ஜெர்மனில் சொல்வார். அவர்களிடம் வாங்கின பசு இவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக ஒரு வருஷம் அதற்கு நம் பாஷை சொல்லிக்கொடுத்தார். பசு கற்றுக்கொண்டது. இவர் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் காடாகக் கிடந்த நூறு ஏக்கரை இரண்டு மாட்டையும் ஒரு கோடரியையும் வைத்துக்கொண்டு கோதுமை வயலாக மாற்றினதும் இவர்தான். அதைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டார். பேச்செல்லாம் கல்லைப் பற்றித்தான்.

“கண்ணைக் கட்டிட்டு ஆயிரம் கல்லு நடுவுல போடு. என் கல்லை நான் எடுத்துருவேன்,” என்பார், யார் வந்தாலும்.

பக்கத்துப் பண்ணை யோஸ்ட் டீஃபன்டோர்ஃபருக்கு இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. “யோவ் ஃபெல்டன், ஒருநாள் இல்ல ஒருநாள் அந்தக் கல்லை ஓடையில வீசப்போறேன் பாரு. அப்புறம் உன் கண்ணைக் கட்டாமலே தேடு,” என்பார். அது வெறும் சிநேகிதப் பேச்சு. கப்பலிலேயே அடுத்தடுத்த படுக்கையில் கிடந்தவர்கள் இரண்டு பேரும்.

சரி, இனி என் பங்கு.

எனக்கு, அதாவது லோனி என்கிற இந்தப் பெண்ணுக்கு, அப்போது பதின்மூன்று வயது முடிந்திருந்தது. இரண்டு குளிர்காலம் பள்ளிக்கூடம் போய், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வாத்தியாரின் தொப்பிக்குள் தவளை வைக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதம், முட்டைக்கோஸ் அரிகிற நாள். பெரியம்மா ஓட்டிலியா கல்லைத் தேய்த்துக் கழுவி வேலிக் கம்பத்தின்மேல் காய வைத்திருந்தாள். ஆயிரம் கல் நடுவே கண்டுபிடிப்பாராமே, முதலில் இரண்டுக்கு நடுவே கண்டுபிடிக்கட்டும் என்று தோன்றியது. ஓடையிலிருந்து அதே அளவில், அதே நிறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி வந்தேன். ஆணியால் அதில் கட்டைவிரல் பள்ளம்கூடச் சுரண்டினேன். வேலையில் குறை வைப்பது எனக்குப் பிடிக்காது. அதைக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டு, அசல் கல்லைக் கொண்டுபோய் எங்கள் வயலுக்கு அடுத்தாற்போல் கட்டிக்கொண்டிருந்த கோயிலின் கற்குவியலில் செருகி வைத்தேன். கல்லை ஒளிக்கக் கற்குவியலைவிட நல்ல இடம் உண்டா?

பெரியப்பா வந்தார். கம்பத்திலிருந்து கல்லை எடுத்தார். கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். “வா ராசா,” என்று ஜாடிக்குள் இறக்கினார்.

எனக்குச் சிரிப்பை அடக்கப் பன்றித் தொழுவத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம், புளிக்கட்டும், முதல் கவளம் சாப்பிட்டதும் சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தள்ளிப்போட்டேன். நவம்பரில் ஜாடி திறந்தது. யோஸ்ட்டையே கூப்பிட்டு உட்காரவைத்து, கரண்டியை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு பெரியப்பா சொன்னார்: “ருசி பாருய்யா. இது ரைன் கரைக் கல்லோட ருசி. இந்த ஊர்க் கல்லை வச்சா இது வருமா?”

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். கல்லைத் திரும்ப எடுத்து வந்து ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று அன்றைக்கே கோயிலுக்கு ஓடினேன். குவியல் காலி. சுவர் எழும்பி, கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். சுற்றிச் சுற்றித் தேடினேன். ஆண்கள் நுழைகிற வாசலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், சுண்ணாம்புக்கு நடுவிலிருந்து கட்டைவிரல் பள்ளம் என்னைப் பார்த்தது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஓடையில் கிடப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல். புளிப்பில் கிடந்தால் அது நுரைக்கும், கரையும். எனக்கு அது அப்போது தெரியாது. கிறிஸ்துமஸுக்குள் ஜாடி முழுக்கக் கொழகொழவென்று ஆகி, கதவைத் திறந்தால் நாற்றம் ரோட்டுக்கு வந்தது. பெரியப்பா கல்லை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

யார் மாற்றியிருப்பார்கள் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆராதனை முடிந்து ஊரே வாசலில் நிற்கும்போது, “கல்லுத் திருடா!” என்றார் யோஸ்ட்டைப் பார்த்து.

“என்னது?”

“ஓடையில வீசுறேன், வீசுறேன்னு பத்து வருஷமா சொன்னது யாரு? வீசிட்டல்ல?”

“அடப்பாவி, உன் கல்லை எடுத்து நான் என்ன, தாலாட்டா பாடப்போறேன்? என் வயல்லயே கல்லு வேணாம் வேணாம்னு கிடக்கு!”

“கல்லைக் கொண்டுவந்து வைக்கிறவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதே.”

“போய்யா. நீ மன்னிப்புக் கேக்கிறவரைக்கும் உன் மூஞ்சியை எவன் பாக்கறான்?”

பெரியப்பா இதைக் கத்திக்கொண்டிருந்தது அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான். கல்லுக்கும் அவர் முழங்காலுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும்.

பதினைந்து மாதம். இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த அக்டோபரில் பெரியப்பா முட்டைக்கோஸ் போடவே விடவில்லை. “கல்லு வரட்டும்,” என்றார். உப்புப்பன்றியை வெறும் மாவுருண்டையோடு ஒரு குளிர்காலம் முழுக்கத் தின்றோம். என் தங்கை சிபில்லாவுக்கு, அதாவது பெரியப்பா மகளுக்கு, ஆறு வயது. “கல்லு எப்பப்பா வரும்?” என்று சாப்பாட்டு வேளை தவறாமல் கேட்பாள். நான் இன்னொரு மாவுருண்டையை வாயில் அடைத்துக்கொள்வேன். அந்தத் திருடனை மட்டும் பிடித்தால் ஆங்கிலேயர் வீட்டில் வேலைக்கு எழுதிக்கொடுத்துவிடுவேன் என்று பெரியம்மா வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். பொதுவாகச் சொன்னாள்தான். ஆனாலும் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜனவரியில் பெரியப்பாவுக்கு மார்ச்சளி பிடித்தது. இரண்டு மெத்தைக்கு நடுவே கிடந்து மூன்று வாரம் இருமினார். எழுந்தபோது சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது. அப்போதுதான் பெரியம்மா அந்தப் பேச்சை எடுத்தாள்.

பெரியப்பா இன்னும் ஆங்கிலேய ராஜாவின் பிரஜை ஆகவில்லை. ஏழு வருஷம் குடியிருந்தால் பிலடெல்பியா போய் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பிரஜை ஆகலாம். யோஸ்ட் எப்போதோ ஆகிவிட்டார். பெரியப்பா, விதைப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று ஐந்து வருஷம் கூடுதலாக ஓட்டிவிட்டார். பிரஜை ஆகாமல் செத்தால் நிலம் பிள்ளைக்கு வராது, ராஜாவிடம் இந்த மாகாணத்தையே எழுதி வாங்கின சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதவை, ஒரு அடுப்பையும் இரண்டு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனாள்.

“ஏப்ரல் பத்தாம் தேதி கோர்ட்டு,” என்றாள் பெரியம்மா. “அதை விட்டா செப்டம்பர். செப்டம்பர் வரைக்கும் உங்க நெஞ்சு தாங்குமாங்க?”

பெரியப்பா இருமினார். அதுவே பதில்.

சத்தியம் செய்யப் போகிறவன் அதற்கு முன் மூன்று மாதத்துக்குள் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கி, திருவிருந்து எடுத்திருக்க வேண்டும். போதகரிடம் அதற்குச் சீட்டு வாங்க வேண்டும், சாட்சி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் போதகர் ஷெர்ட்லைன் ஐயாவுக்கு நாலு கோயில், ஒரு நொண்டிக் குதிரை. ஏப்ரலுக்கு முன் எங்கள் முறை ஒரே ஒரு ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு. விருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாள் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது சண்டை இருந்தால் சமாதானம் ஆகிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பேர் எழுதமாட்டார். பதினைந்து மாதமாகப் பெரியப்பாவுக்கும் யோஸ்ட்டுக்கும் பேர் எழுதவில்லை.

ஆக, நூறு ஏக்கர் நிலமும் சிபில்லாவின் தலைவிதியும் ஒரு கல்லின்மேல் வந்து நின்றது. அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். போதகர் மேஜைமேல் பேரேட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா முறை வந்தது.

“ஃபெல்டன், யோஸ்ட்டோட சமாதானம் ஆச்சா?”

“ஆகலாம் ஐயா. அவன் கல்லைக் கொடுத்தா அடுத்த நிமிஷம் கை கொடுக்கிறேன்.”

பின்வரிசையிலிருந்து யோஸ்ட் எழுந்தார். பெரியம்மா காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். “எடுத்தாத்தானே ஐயா கொடுக்க முடியும்? இந்தாளு ஊர் முன்னாடி என்னைத் திருடன்னாரு. ஊர் முன்னாடியே இல்லைன்னு சொல்லட்டும். இந்தக் கையை இப்பவே தரேன்.”

“திருடினவனை எப்படி இல்லைன்னு சொல்றது?”

“பாத்தீங்களா ஐயா!”

“ஏங்க,” என்றாள் பெரியம்மா, “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கையை நீட்டித் தொலைங்களேன். உங்க புள்ள முகத்தைப் பாருங்க.”

“அதுக்காகத் திருவிருந்துல பொய் சொல்லச் சொல்றியா? மனசுல பகையை வச்சுக்கிட்டு அப்பத்தைத் தின்னா அது எனக்குச் சாபம்டி. நிலம் போனாப் போகுது, ஆத்துமா போகக் கூடாது.”

இதுதான் பெரியப்பா. வேறு எவனாயிருந்தாலும் கையை நீட்டிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போய்த் துப்பியிருப்பான். இந்த மனுஷன் நிஜமாகவே நம்புகிறார். நம்பிக்கொண்டே குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவார்.

போதகர் பேனாவை வைத்தார். “நான் நாலு ஊர்ச் சண்டையைத் தீர்க்கிறேன். பெண்ணுக்குச் சண்டை, வேலிக்குச் சண்டை, பன்றிக்குச் சண்டை. கல்லுக்கு இங்கே மட்டும்தான்யா!” என்று பேரேட்டை மூடப் போனார்.

“ஐயா, நான்தான் எடுத்தேன்,” என்றேன்.

பள்ளிக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்படுவார். சாட்சிக் கையெழுத்துக்காக மூலையில் நின்றுகொண்டு பார்க்கவும் செய்தார்.

“எடுத்து?” என்றார் பெரியப்பா. குரலே எழும்பவில்லை.

“கோயில் கல்லுக் குவியல்ல வச்சேன். சும்மா விளையாட்டுக்கு. திரும்ப எடுக்கறதுக்குள்ள சுவத்துல வச்சுக் கட்டிட்டாங்க.”

“எப்ப?”

இந்த இடத்தில்தான் நான் யோசித்தேன். அக்டோபர் என்று உண்மையைச் சொன்னால், நவம்பரில் யோஸ்ட் மூக்குக்கு நேரே கரண்டியை ஆட்டி இவர் புகழ்ந்தது ஓடைக்கல்லை என்று ஆகிவிடும். அந்த அவமானத்தோடு இந்த மனுஷன் யோஸ்ட்டுக்குக் கை கொடுப்பாரா? செத்தாலும் கொடுக்கமாட்டார்.

“கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி,” என்றேன்.

யோஸ்ட்டின் தலை சடாரென்று நிமிர்ந்தது. கோயிலுக்குக் கல் ஏற்றி வந்தது அவர் வண்டி. உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது, சுவர் நவம்பருக்கு முன்னாலேயே முடிந்தது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் விரல்கள் தொடைமேல் மாதத்தை எண்ணின. எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்தது பாருங்கள், கொழுத்த வான்கோழியைப் பார்த்த நரிக்குக்கூட அப்படி மலராது.

“அப்போ நவம்பர்ல நீ எனக்கு…” என்று ஆரம்பித்தார்.

பெரியப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். சட்டைக்குள் தோள்பட்டை இரண்டும் கோழிச் சிறகு மாதிரி ஏறி இறங்கியது. யோஸ்ட் அதைப் பார்த்தார். சிபில்லாவைப் பார்த்தார். திறந்த வாயைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“நவம்பர்ல என்ன?” என்றார் பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு.

“நவம்பர்ல… நல்ல குளிரு,” என்றார் யோஸ்ட்.

அவர் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய கேலியை அவர் அங்கேயே விழுங்கினார். விழுங்கியது தொண்டையில் தெரிந்தது.

அதன்பிறகு எல்லோரும் கோயிலுக்கு நடந்தோம். நான் சுவரைக் காட்டினேன். பெரியப்பா முழங்காலிட்டு, சுண்ணாம்பை நகத்தால் கீறி, கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

“உளி கொண்டுவா,” என்றார்.

“ஃபெல்டன்!” என்று போதகர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அது வாசல் நிலையைத் தாங்கற கல்லு. எடுத்தா நாளைக்கு விருந்து வெட்டவெளியிலதான்.”

“என் கல்லு ஐயா.”

“தெரியும்யா! கப்பல்ல பதினோரு வாரம், சாம்பல்ல முழுசா, எல்லாம் தெரியும். இந்த ஊர்ல அது தெரியாத மாடு இல்ல!”

பெரியப்பா கல்லைப் பார்த்தார். பெரியம்மா அவரைப் பார்த்தாள். சிபில்லா ஓடிவந்து, “இதுதானா? இவ்ளோ சின்னதா?” என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கே உதடு கோணிற்று. அப்படியே முழங்காலில் இருந்தபடி தலையைத் திருப்பாமல் சொன்னார்: “யோஸ்ட். நீ திருடன் இல்ல.”

“சத்தமா சொல்லுய்யா. வைஞ்சப்ப மட்டும் மலை வரைக்கும் கேட்டுது.”

“நீ திருடன் இல்ல! போதுமா? கையைக் கொடு, எழுந்திரிக்க முடியல.”

யோஸ்ட் கையைக் கொடுத்துத் தூக்கினார். போதகர் அந்தக் கைகள் பிரிவதற்குள் பேரேட்டைத் திறந்து, நின்ற நிலையிலேயே இரண்டு பேரையும் எழுதிவிட்டார்.

எனக்குக் கிடைத்தது தனிக்கதை. சுருக்கமாகச் சொன்னால், மே மாதம் வரை பன்றித் தொழுவம் முழுக்க என் பொறுப்பு. ஆங்கிலேயர் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை மட்டும் பெரியம்மா எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா விருந்து எடுத்தார். சீட்டில் வாத்தியார் ஒரு சாட்சி, யோஸ்ட் இன்னொரு சாட்சி. பிலடெல்பியாவுக்கு யோஸ்ட்டின் வண்டியில்தான் போனார்கள். போக நாலு நாள், வர நாலு நாள், அந்த எட்டு நாளும் எந்தப் பாதை குறுக்குவழி என்று சண்டை போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சத்தியம் வாசித்தபோது ஒரு வார்த்தையும் புரியாமல் பெரியப்பா தலையை ஆட்டினாராம். பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டு ராஜாவின் பிரஜை ஆனார். திரும்பி வந்ததும் பசுவிடம் போய், “இனிமே நானும் உங்க ராஜாவோட ஆளு,” என்றார். பசு கண்டுகொள்ளவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நுழையுமுன் குனிந்து சுவரில் கட்டைவிரலை வைக்கிறார். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். இந்த அக்டோபரில் யோஸ்ட் எங்கிருந்தோ ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். “சுண்ணாம்புக் கல்லு இல்ல, புளிச்சா கரையாது. வேணும்னா வை, வேணாம்னா நாய்மேல எறி.” பெரியப்பா நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, “கோணலா இருக்கு,” என்றார். ஜாடிக்குள் வைத்தார்.

அன்றைக்குத் தொழுவத்துப் பக்கம் யோஸ்ட் என்னைப் பிடித்தார். “ஏடி லோனி. அந்தச் சுவர் எப்ப முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு மாசம் ஓடைக்கல்லுக்குல்ல பாட்டுப் பாடினான்! அவன்கிட்ட மட்டும் சொல்லிராதே. நெஞ்சு வெடிச்சிரும்.”

“சொல்லமாட்டேன் மாமா,” என்றேன்.

போன வாரம் ஜாடி திறந்தோம். பெரியப்பா முதல் கவளத்தை மென்றார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியம்மா எழுந்து உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்த வருஷம் யோஸ்ட் வண்டியில கல்லு ஏத்தினது யாருன்னு நெனச்சே? நானும்தான். சுவர் முடிஞ்சது அக்டோபர்ல.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நவம்பர்ல அவன்கிட்ட நான் அளந்ததெல்லாம் ஓடைக்கல்லுக்கு,” என்றார். “அந்த மடையன் இன்னும் அதைக் கணக்குப் போட்டுப் பாக்கல. நீயா போய்ச் சொல்லித் தொலைக்காதே. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.”

“சொல்லமாட்டேன் பெரியப்பா.”

“சாப்பிடு, கழுதை,” என்று என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

இந்த இரண்டு கிழங்களுக்கு நடுவே எனக்குத்தான் வயிற்றுவலி. இவ்வளவு நல்ல கேலி, கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.